மழை மாதத்துக்கு ஒரு பத்தி

பிப்ரவரி 9

அன்புள்ள சித்திக்கு,

இங்கே அம்மாவின் கால்களைத் தவிர மற்ற எல்லோரும் நலம். உங்கள் இடுப்பு வலி தேவலையா? சித்தப்பாவின் மூச்சிரைப்பு இந்தக் குளிரில் அதிகமாகவில்லையே?

ஒரு காரியமாகத்தான் எழுதுகிறேன். பள்ளி நூலகத்தில் இருக்கும் பெரிய நிலப்படப் புத்தகத்தில் உங்கள் ஊரைத் தேடிக் கண்டுபிடித்தேன். மலைகளைக் காட்டும் பழுப்பு நிறத்துக்கு நடுவே ஒரு புள்ளி. புள்ளியைவிட ஊரின் பெயர்தான் பெரிதாக இருந்தது. நீங்கள் கல்யாணமாகி அங்கே போனதிலிருந்து ஒவ்வொரு வருடமும் "இந்த வருஷம் கண்டிப்பா" என்று சொல்கிறோம். ஒரு தடவைகூட வரவில்லை. கோடையில் உங்கள் விடுதி நிரம்பிவிடுகிறது. குளிர்காலத்தில் அம்மாவுக்கு லீவு தரமாட்டார்கள், மருத்துவமனையில் அப்போதுதான் நோயாளிகள் அதிகம், படுக்கை விரிப்புகளும் அதிகம். மற்றபடி ஏதாவது ஒரு தேர்வு எனக்கு வந்துவிடுகிறது.

இந்த முறை அப்படி விட முடியாது. அம்மா வேலை செய்யும் சலவைப் பிரிவுக்கு நீங்கள் வந்ததில்லை. உருளை இஸ்திரி மிஷினுக்கு முன்னால் காலை முதல் மாலை வரை நிற்க வேண்டும். ஈர விரிப்பு ஒரு பக்கம் போகும், சூடாக மறுபக்கம் வரும். அங்கே நாற்காலி கிடையாது. இப்போது அம்மாவின் கணுக்காலை விரலால் அழுத்தினால் பள்ளம் விழுகிறது, அது மேலே வர நேரமாகிறது. போன வாரம் டாக்டர் பார்த்துவிட்டு, "ஒரு மாசம் காலைத் தூக்கி வெச்சுப் படுக்கணும்" என்றார்.

"வீட்டுலயா டாக்டர்?" என்றாள் அம்மா.

"வீட்டுல இருந்தா நீங்க படுப்பீங்களா?"

அம்மா கூரையைப் பார்த்தாள். நான்தான், "படுக்க மாட்டாங்க" என்றேன்.

அப்பா வரமாட்டார். "லிஃப்டுல தினம் மேலயும் கீழயும் போயிட்டு வர்றவனுக்கு மலை எதுக்கு?" என்கிறார். அவர் இயக்கும் அந்த மருத்துவமனை லிஃப்ட் நாலாவது மாடிக்கு மேல் போகாது என்பது வேறு விஷயம்.

வருடத்தில் எந்த மாதம் நாங்கள் வந்தால் உங்களுக்குத் தொந்தரவு இருக்காது? எந்த மாதமானாலும் சரி.

அம்மா உங்களை ரொம்ப விசாரித்ததாக எழுதச் சொன்னாள். இன்னும் ஏதோ சொல்ல வந்தாள், அதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

உங்கள் அன்பு மகள்


மார்ச் 3

என் பேனாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதுவது வழக்கம், எழுதிவிட்டேன். உன் கடிதத்தைச் சமையலறையில் நின்றுகொண்டு நான்கு தவணையாகப் படித்தேன். ஒவ்வொரு பத்திக்கும் ஏதாவது ஓர் அறையிலிருந்து மணி அடித்தது.

அக்காவின் காலைப் பற்றி நீ எழுதியதற்கு நன்றி. அவளாக இருந்தால் "நான் நலம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருப்பாள். நம் வீட்டுக்கே பேனா நீதான்.

கோடையில் வராதே. ஒன்பது அறையும் நிரம்பி வழியும், அக்காவுக்கு முகம்கூடக் காட்ட முடியாது. அதற்கு முன்னால் பூக்கும் காலத்தில் புதுசாகக் கல்யாணமானவர்கள் வருவார்கள், காலைச் சாப்பாட்டை மதியம் கேட்பார்கள். குளிரில் வெந்நீருக்குச் சண்டை.

மழை மாதத்தில் வா. ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரை விடுதியைப் பூட்டிவிடுவோம். ஈரம் ஆகாது என்று சித்தப்பா கீழே தன் தம்பி வீட்டுக்குப் போய்விடுவார். வேலைக்கு இருக்கும் பெண்ணும் தன் ஊருக்குப் போய்விடுவாள். நான் மட்டும்தான். ஏழாம் அறை உங்கள் இரண்டு பேருக்கும். இரண்டு கட்டில், பெரிய ஜன்னல். அக்கா ஒரு துரும்பைக்கூட எடுத்துப் போட வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்.

ஒன்றை முன்பே சொல்லிவிடுகிறேன். பார்க்க ஒன்றும் இருக்காது. ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாக இருக்கும், அவ்வளவுதான். மலையைப் பார்க்கவில்லையே என்று பிறகு என்னிடம் அழக்கூடாது.

அப்பாவுக்கு என் விசாரிப்பு. மறுபடி மணி அடிக்கிறது.

சித்தி


மார்ச் 20

அன்புள்ள சித்திக்கு,

நாங்கள் நலம். உங்கள் கடிதத்தை அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினேன். "துரும்பைக்கூட" என்ற இடம் வந்ததும் அம்மா சிரித்துவிட்டு, "அந்த வாலுக்கு நான் துணி துவைச்சுப் போட்ட காலமெல்லாம் ஞாபகம் இருக்கு போல" என்றாள்.

லீவுக்கு எழுதிக் கொடுத்தாகிவிட்டது. மேற்பார்வையாளர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாராம்.

"ஏம்மா, மழையில யாராவது மலைக்குப் போவாங்களா?"

"யாரும் போக மாட்டாங்கன்னுதான் சார் போறேன்."

இந்தப் பதிலை அம்மா சொன்னாளா, வீட்டுக்கு வரும் வழியில் யோசித்தாளா என்று தெரியவில்லை. எனக்கு ஜூலைக் கடைசியில் பள்ளி விடுமுறை. அம்மாவோடு வந்து, பள்ளி திறக்கும்போது நான் மட்டும் திரும்பிவிடுவேன்.

நான் தெரிந்துகொள்ள விரும்புவது இதுதான். மழை மாதத்தில் அங்கே எப்படி இருக்கும்? மூடுபனி எப்படி உண்டாகிறது என்று நூலகத்தில் படித்துவிட்டேன், ஆனால் அதற்குள் ஒரு மாதம் குடியிருப்பது பற்றி எந்தப் புத்தகத்திலும் இல்லை. விருந்தாளிகள் இல்லாதபோது நீங்கள் தனியாக என்ன செய்வீர்கள்? பயமாக இருக்காதா? நேரமிருக்கும்போது விவரமாக எழுதுங்கள். இடுப்புக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கச் சொல்லி அம்மா மூன்று தடவை நினைவுபடுத்தினாள்.

உங்கள் அன்பு மகள்


ஏப்ரல் 14

என் பேனாவுக்கு,

நலம். இடுப்பு இருக்கும் இடத்தில் இருக்கிறது.

நான் தனியாக என்ன செய்வேன் என்று கேட்டிருக்கிறாய். இதுவரை யாரும் கேட்டதில்லை, அதனால் யோசித்து எழுதுகிறேன். ஒன்றும் செய்யமாட்டேன். தினம் ஓர் அறையில் தூங்குவேன். நானே புது விரிப்பு விரித்து, போர்வையை மடித்து வைத்து, வெளியே போய்க் கதவைத் தட்டிவிட்டு, விருந்தாளி மாதிரி உள்ளே வந்து படுப்பேன். சிரிக்காதே. மூன்றாம் அறை மெத்தை சரியான கல். இத்தனை வருடமாக ஒருவரும் புகார் சொல்லாதது ஆச்சரியம்தான்.

மழை தகரக் கூரையில் விழ ஆரம்பித்தால் யார் கூப்பிட்டாலும் காதில் விழாது. கூப்பிட ஆளும் இல்லை. காலையில் விழிப்பு வரும். எழுந்திருக்க வேண்டாம் என்று பிறகுதான் ஞாபகம் வரும். அந்த ஒரு நொடிக்காகத்தான் மற்ற மாதமெல்லாம் எழுந்திருக்கிறேன் என்று நினைக்கிறேன். பிறகு மறுபடி தூங்கிவிடுவேன்.

உனக்கு ஒரு வேலை. மேல் தெரு விடுதிக்காரர் "ஆண்டு முழுவதும் வரலாம்" என்று பலகை மாட்டிவிட்டார். அதைப் பார்த்ததிலிருந்து சித்தப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. "நாம மட்டும் ஒரு மாசம் கதவைச் சாத்திட்டு உக்காரணுமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். நம் விடுதிக்கும் நோட்டீஸ் அடிக்கப்போகிறார். "அண்ணி பொண்ணு கட்டுரையில பரிசெல்லாம் வாங்குதே, அதையே எழுதச் சொல்லு" என்றார். நான்கு பருவத்துக்கும் ஒவ்வொரு பத்தி வேண்டுமாம். மழைக்கும் ஒன்று வேண்டுமாம். மழையில் எந்தப் புத்தியுள்ளவன் இங்கே வருவான்? கதவைத் திறந்து வைத்தாலும் ஈ, காக்கா வராது. அவருடைய திருப்திக்காக இடத்தை நிரப்ப ஏதாவது எழுதிக் கொடு.

அக்காவிடம் கம்பளிக் காலுறை வாங்கச் சொல். எல்லோருக்கும் என் அன்பு.

சித்தி


மே 2

அன்புள்ள சித்திக்கு,

எல்லோரும் நலம், அம்மாவும் சுமார் நலம். நீங்களும் சித்தப்பாவும் நலம்தானே?

நோட்டீஸ் எழுதி முடித்துவிட்டேன். இவ்வளவு தாமதமானதற்குக் காரணம் கோடைக்கான பத்திதான். நேரில் பார்க்காத பள்ளத்தாக்கை வர்ணிப்பது சுலபமில்லை, இரண்டு பயண நூல்களைப் படித்தும் "கண்கொள்ளாக் காட்சி" என்பதைத் தாண்டி வரவில்லை. பூக்களுக்கும் குளிருக்கும் அதே கதிதான். மழைப் பத்தி மட்டும் ஒரே மூச்சில் வந்தது. உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். அதை மட்டும் இங்கேயே எழுதிக் காட்டுகிறேன், மற்றவை தனித் தாளில் இருக்கின்றன.

"மழை மாதத்தில் இங்கே வருபவர்கள் எதையும் பார்ப்பதற்காக வருவதில்லை. ஜன்னலுக்கு வெளியே மலை இருக்கும், ஆனால் தெரியாது. தகரக் கூரையில் மழை இறங்கத் தொடங்கினால் உங்களை யாரும் கூப்பிட முடியாது, கூப்பிட்டாலும் கேட்காது. காலையில் கண் விழிப்பீர்கள். எழுந்திருக்க வேண்டாம் என்பது ஒரு நொடி கழித்து நினைவுக்கு வரும். அந்த ஒரு நொடியை எங்கள் விடுதி உங்களுக்குத் தருகிறது. பிறகு நீங்கள் மறுபடி தூங்கலாம்."

எங்கள் மொழியாசிரியரிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "இப்பவே டிக்கெட் எடுக்கணும்போல இருக்கு, பரீட்சைத் தாளெல்லாம் யாரு திருத்துறது?" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை. சித்தப்பாவுக்குப் பிடிக்குமா? நீங்கள் இதைப் படித்ததும் என்ன நினைத்தீர்கள் என்று மறக்காமல் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்


மே 17

என் பேனாவுக்கு,

இங்கே நலம். நோட்டீஸ் வந்து சேர்ந்தது. நன்றாக இருக்கிறது. சித்தப்பா மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை மழைப் பத்தியை எனக்கே உரக்கப் படித்துக் காட்டி, "பார்த்தியா, இங்க இருக்கிற நமக்கே இது தோணலையே!" என்றார். அன்றைக்கே அச்சகத்தில் கொடுத்துவிட்டார்.

உனக்கு நல்ல கை.

வேலை கிடக்கிறது. அக்காவின் காலைப் பார்த்துக்கொள்.

சித்தி


ஜூன் 25

அன்புள்ள சித்திக்கு,

நலம், நீங்கள் நலமா? இதைச் சும்மா கேட்கவில்லை. மே மாதத்துக்குப் பிறகு நான் எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. தபால் தாமதம் என்று அம்மா சொல்கிறாள். "கோடைக் கூட்டம், பாவம், மூச்சு விட நேரமிருக்காது" என்கிறார் அப்பா. உங்களுக்கு உடம்பு சரியில்லையோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

அம்மாவுக்கு லீவு கிடைத்துவிட்டது. ஜூலை 27 காலையில் கிளம்பி மறுநாள் வந்து சேருவோம். கம்பளிக் காலுறை வாங்கிவிட்டோம், வீங்கிய காலுக்கென்று ஒரு அளவு பெரிதாக. போன ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை பார்க்கலாம் என்று அம்மாவைக் கட்டிலில் படுக்க வைத்து, கால்களுக்குக் கீழே இரண்டு தலையணை வைத்தேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். பிறகு தலையைத் திருப்பி, "இப்ப என்ன பண்ணணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேண்டாம்மா. இதுதான்."

"இவ்ளோதானா?" என்றாள். நான் தண்ணீர் கொண்டு வருவதற்குள் எழுந்து அந்தத் தலையணைகளுக்கு உறை மாற்றிக்கொண்டிருந்தாள்.

அதனால்தான் சொல்கிறேன், வேறு இடத்துக்குப் போனால் தவிர அம்மா ஓய்வெடுக்கமாட்டாள். இது தவறினால் இனி லீவும் கிடைக்காது. ஒரு வரியாவது எழுதிப் போடுங்கள்.

கவலையுடன்,
உங்கள் மகள்


ஜூலை 4

என் பேனாவுக்கு,

எனக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. எழுத உட்கார்ந்தேன், பல தடவை உட்கார்ந்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் எழுந்துவிட்டேன்.

உன் நோட்டீஸை சித்தப்பா பேருந்து நிலையத்திலும் கீழே இருக்கும் பயண ஏற்பாட்டுக்காரர்களிடமும் கொடுத்தார். கடிதம் மேல் கடிதமாக வருகிறது. கோடைக்கு அல்ல, மழைக்கு. "கூரைச் சத்தம் நல்லாக் கேக்குற ரூமா குடுங்க" என்று கேட்டு எழுதுகிறார்கள். எல்லா அறையும் போய்விட்டது. ஏழாம் அறைக்கு ஒரு பேராசிரியரும் அவர் மனைவியும் வருகிறார்கள். சித்தப்பா இந்த வருடம் தம்பி வீட்டுக்குப் போகவில்லை, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வாசலில் நிற்கிறார். நம் வாசலிலும் பலகை வந்துவிட்டது.

சமையலறைக்குப் பின்னால் சாமான் அறை இருக்கிறது. மூட்டைகளை நகர்த்திவிட்டு இரண்டு கட்டில் போட்டுத் தருகிறேன். வேலைக்காரப் பெண் வழக்கம்போல ஊருக்குப் போகிறாள், வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அக்கா வந்தால் எனக்கு ஒரு கை ஒத்தாசையாக... இந்த வரியை அடித்துவிட்டேன். அடித்ததைப் படிக்காதே.

வேறு மாதத்தில் வாருங்கள் என்றுதான் எழுத நினைத்தேன். எந்த மாதம் என்று தெரியவில்லை.

உன்மேல் எனக்குக் கோபமில்லை. அக்காவுக்கு நீயே சொல்லிவிடு, உனக்குத்தான் சொல்லத் தெரியும்.

சித்தி


ஜூலை 8

மதிப்புக்குரிய சித்தப்பாவுக்கு,

வணக்கம். நாங்கள் நலம். தங்கள் மூச்சிரைப்பு இந்த ஈரத்தில் எப்படி இருக்கிறது? தங்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவது இதுவே முதல் முறை. தவறாக ஏதாவது எழுதியிருந்தால் மன்னிக்க வேண்டும்.

அறைகள் நிரம்பிவிட்ட விஷயத்தைச் சித்தி எழுதியிருந்தார். அம்மா அந்தக் கடிதத்தைத் தானே வாங்கிப் படித்தாள். அடித்திருந்த வரியையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டாள். பிறகு, "அவளுக்கு ஆள் இல்ல. நான் போறேன். விரிப்பு மடிக்கிறது எனக்கென்ன புதுசா?" என்றாள். டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தினேன். "அங்க உக்காந்துக்கிட்டே மடிப்பேன், போதுமா?" என்று சொல்லிவிட்டுப் பெட்டியில் வேலைக்கான துணிகளை எடுத்து வைக்கிறாள். கம்பளிக் காலுறையை வெளியே எடுத்துவிட்டாள்.

அதனால் தங்களிடம் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாங்கள் பாராட்டிய மழைப் பத்தி என்னுடையது அல்ல. சித்தி எனக்கு எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது. அவரிடம் நான் கேட்கவில்லை. எழுதி முடித்தபோது எனக்கு அது தவறாகவே தெரியவில்லை, அழகாக மட்டும் தெரிந்தது. காலையில் கண் விழித்து, எழுந்திருக்க வேண்டாம் என்று நினைவு வந்து மறுபடி தூங்கும் அந்த விருந்தாளி சித்திதான். விடுதி பூட்டியிருக்கும் மாதத்தில் சித்தி தினம் ஓர் அறையில் விருந்தாளி மாதிரி கதவைத் தட்டிவிட்டுப் போய்ப் படுப்பார். தாங்கள் அப்போது ஊரில் இருப்பதில்லை, அதனால் பார்த்திருக்க முடியாது. வருடத்தில் அவருக்கு இருந்தது அந்த ஒரு மாதம். நான் அதை வர்ணித்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டேன்.

வருகிறவர்களைத் திருப்பி அனுப்பும்படி நான் கேட்கவில்லை. அது மரியாதையாகாது என்று தெரியும். ஆனால் கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறையை, எத்தனை நாளானாலும் சரி, அம்மாவுக்கும் சித்திக்கும் கொடுக்க முடியுமா? ஏழாம் அறையில் ஒரு கட்டில் எனக்கென்று வைத்திருந்தார்கள். நான் வரவில்லை. அந்தக் கட்டிலைச் சித்திக்குக் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சித்தியிடம் காட்ட வேண்டாம்.

பணிவுடன்,
தங்கள் மகள்


ஜூலை 17

அன்பு மகளுக்கு,

ஆசிகள். நான் நலம், இருமல் கொஞ்சம் உண்டு. உன் அப்பாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

உன் கடிதம் கிடைத்தது. படித்ததும் கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எனக்கு என் வீட்டைப் பற்றிச் சொல்வதா என்று நினைத்தேன். நீ கதையாகச் சொல்கிறாயோ என்று சந்தேகமும் இருந்தது. சமையலறைக்குப் போனேன். உன் சித்தி உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். சும்மா கேட்பது போல, "மூணாம் ரூம் மெத்தை எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"கல்லு," என்றாள், திரும்பாமலே.

"நீ எப்ப அதுல படுத்த?"

கத்தி நின்றது. பிறகு மறுபடி சீவ ஆரம்பித்தாள். நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

பலகையை நான் கழற்றப்போவதில்லை. இது தொழில். மேல் தெருவில் திறந்திருக்கும்போது நான் மூட முடியாது, அடுத்த வருடமும் மூட முடியாது. இதை நீ புரிந்துகொள்ள வேண்டும். ஆனால் ஐந்தாம் அறைக்காரர் வரவில்லை என்று எழுதியதால் பேராசிரியரை அங்கே மாற்றிவிட்டேன். கூரைச் சத்தம் நன்றாகக் கேட்க வேண்டும் என்று எழுதியிருந்தார். ஐந்தில் சத்தமும் கேட்கும், ஒரு மூலையில் ஒழுகவும் செய்யும். விரிப்புகளைக் கீழ்த் தெரு சலவைக்கடையில் போடப் பேசியாயிற்று. சமையலுக்கு ஒரு ஆள் வருகிறான், மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒரு வாரம். அதற்கு மேல் என்னால் முடியாது, இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வாரம் ஏழாம் அறை இரண்டு பேருக்கும். அதன் பிறகு அண்ணி படுத்திருக்கலாம், உன் சித்தி வேலைக்கு வந்துதான் ஆக வேண்டும். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள். அண்ணி வந்து இறங்கியதும் சொல்கிறேன்.

அறையில் கட்டில் இரண்டுதான். உன்னை அழைக்க முடியாததில் எனக்கு வருத்தம்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா


ஆகஸ்ட் 1

அன்புள்ள மகளுக்கு அம்மா எழுதுவது.

நான் நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீயும் அப்பாவும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வெளியே போகிறாயா? எனக்கு உன்னைப் போல எழுத வராது, இருந்தாலும் உன் சித்தி பேனாவைக் கையில் கொடுத்துவிட்டாள்.

பேருந்து நிலையத்துக்கு அவள் குடையோடு வந்திருந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. அவளுக்கும் என்னைத் தெரியவில்லை போல. இரண்டு பேரும் ஒரு நிமிடம் வேறு யாரையோ தேடிக்கொண்டு நின்றோம். பிறகு அவள் என் காலைப் பார்த்தாள், நான் அவள் கையைப் பார்த்தேன். அப்படியே நடந்தோம்.

உன் சித்தப்பா வாசலிலேயே எங்கள் இரண்டு பேரையும் ஏழாம் அறைக்கு அனுப்பிவிட்டார். "ரெண்டு பேரும் வெளிய வரக்கூடாது" என்றார், ஏதோ தப்பு செய்துவிட்டவர்களுக்குச் சொல்வது போல. உன் சித்தி, "இவருக்கு என்ன ஆச்சு?" என்று என்னைக் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும்? நீ ஏதோ எழுதியிருக்கிறாய் என்று மட்டும் புரிந்தது. என்ன எழுதினாய் என்று நான் கேட்கமாட்டேன்.

மதியம் அவள் சொல்லாமல் போய் ஒரு கூடை தலையணை உறை கொண்டு வந்துவிட்டாள். "சும்மா இருக்கிறதுக்கு இதை மடிச்சிட்டே பேசலாமே" என்றாள். நானும் ஒரு முனையைப் பிடித்துவிட்டேன். பேச்சே வரவில்லை, மடித்துக்கொண்டே இருந்தோம். உன் சித்தப்பா கதவைத் தட்டி உள்ளே வந்து கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் மடித்ததைப் பிறகு பார்த்தேன். எங்கள் மேற்பார்வையாளர் பார்த்திருந்தால் வேலையிலிருந்து எடுத்திருப்பார்.

கீழே யாரோ காபி கேட்டுக் கத்துவது அவ்வப்போது கேட்கிறது. முதல் நாள் ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் எழுந்து உட்கார்ந்தாள். "போய்ப் பார்த்துட்டு வந்துடட்டுமாக்கா?" என்பாள். "படுடீ" என்பேன். இரண்டாம் நாள் பாதிதான் எழுந்தாள். அதற்கப்புறம் எழவில்லை.

ஒரு வாரம்தான், தெரியும். அவள் திங்கட்கிழமை சமையலறைக்குப் போய்விடுவாள். நானும் மாதம் முடிந்ததும் மிஷினுக்கு முன்னால் போய் நிற்கத்தான் வேண்டும். அதைப் பற்றி இப்போது எழுதவில்லை.

நீ எழுதிக் கொடுத்தனுப்பிய கேள்விகளைப் படித்தேன். ஊர் எப்படி இருக்கிறது, மலை தெரிகிறதா, கூரையில் மழைச் சத்தம் நீ எழுதினது போலவே இருக்கிறதா என்று கேட்டிருக்கிறாய். ஊரைப் பார்க்கவில்லை. மலையைப் பார்க்கவில்லை. நேற்று விடிந்ததிலிருந்து பொழுது சாயும் வரை ஓயாமல் மழையாம். உன் சித்தப்பாதான் சொன்னார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அம்மா